39 சீட்டு: ஆத்தூர் ஓட்டு டெல்லியில எப்போ எண்ணப்படுது?

ஆத்தூர்ல இருந்து பேசறேன். பின்னாடி லாரி சத்தம் கேட்டா அது எங்க சேலம் – உளுந்தூர்பேட்டை ரோடு. இந்த எபிசோடுக்கு நிறைய பேர் ஸ்கிரிப்ட் கேட்டீங்க. பேசினதைக் கொஞ்சம் திருத்தி இங்க போட்டிருக்கேன்.

2024 நவம்பர்ல ஆரம்பிக்கிறேன். என் டீம்ல அமெரிக்காவுல ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தர் பென்சில்வேனியா மாநிலம் பிட்ஸ்பர்க், இன்னொருத்தர் ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ். கார்ல மூணு மணி நேர தூரம். அதிபர் தேர்தலுக்கு முந்தின வாரம் மீட்டிங்ல பிட்ஸ்பர்க்காரர் புலம்பினார்: "போனை எடுக்கவே பயமா இருக்கு, ஓட்டு கேட்டே சாகடிக்கிறாங்க." கொலம்பஸ்காரங்க சிரிச்சாங்க. "நான் காலேஜ் படிக்கும்போது நாங்களும் அப்படித்தான் இருந்தோம். இப்ப அதிபர் வேட்பாளர்களுக்கு எங்க ஊரு தேவைப்படல." அப்புறம் என்கிட்ட கேட்டாங்க: "உங்க மாநிலம் எப்படி? பிட்ஸ்பர்க் மாதிரியா, கொலம்பஸ் மாதிரியா?"

எனக்கு உடனே பதில் வரல. ரெண்டு வாரம் பழைய தேர்தல் முடிவுகளை எல்லாம் ஒரு ஷீட்ல ஏத்திப் பார்த்தேன். வீட்டுல தாத்தாகிட்டயும் கேட்டேன். அந்தப் பதில்தான் இந்த எபிசோடு.

ஒஹாயோ கதை

முதல்ல அமெரிக்காவை முடிச்சுடுவோம். அங்க அதிபரை மக்கள் நேரடியாத் தேர்ந்தெடுக்கிறது இல்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை தேர்வாளர் ஓட்டுன்னு இருக்கு. மொத்தம் 538, ஜெயிக்க 270. 48 மாநிலங்கள்ல ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் அந்த மாநிலத்தோட எல்லாத் தேர்வாளர் ஓட்டும் அவருக்குத்தான். மெய்ன், நெப்ராஸ்கா ரெண்டும் மட்டும் பிரிச்சுக் கொடுக்கும்.

இதோட விளைவை 2000ல உலகமே பார்த்துச்சு. நாடு முழுக்க அல் கோருக்கு 5 லட்சத்துக்கும் மேல ஓட்டு அதிகம். ஆனா ஃப்ளோரிடாவுல ஜார்ஜ் புஷ் 537 ஓட்டு வித்தியாசத்துல முந்தினார். அந்த மாநிலத்தோட 25ம் மொத்தமா அவருக்குப் போச்சு. 271 வாங்கி அதிபர் ஆயிட்டார்.

ஒஹாயோ இன்னொரு விதத்துல பிரபலம். 1964ல இருந்து 2016 வரைக்கும் 14 தேர்தல்ல ஒஹாயோ யாரைத் தேர்ந்தெடுத்துச்சோ அவர்தான் அதிபர். கட்சி மாறினாலும் ஒஹாயோவும் கூடவே மாறுச்சு. 2020ல அது உடைஞ்சது. ஒஹாயோ டிரம்ப் பக்கம் நின்னுச்சு, ஜெயிச்சது பைடன். அதுக்கப்புறம் "இது எப்படியும் குடியரசுக் கட்சிக்குத்தான்"னு ரெண்டு பக்கமும் முடிவு பண்ணிட்டாங்க. இன்னைக்கும் ஒஹாயோகிட்ட 17 ஓட்டு இருக்கு, பென்சில்வேனியாகிட்ட 19. கிட்டத்தட்ட ஒரே எடை. ஆனா ஒரு ஊர்ல போன் அடிச்சுக்கிட்டே இருக்கு, இன்னொரு ஊர்ல அமைதி.

எண்ணிக்கை மட்டும் பலம் இல்லை. எந்தப் பக்கம் போகும்னு தெரியாம இருக்கறதும் பலம். இதை மனசுல வச்சுக்கிட்டு ஆத்தூருக்கு வருவோம்.

சட்டம் இல்லாமலேயே மொத்தமா சாயுற மாநிலம்

நம்ம ஊர்ல அப்படி ஒரு சட்டம் கிடையாது. தமிழ்நாட்டுல 39 மக்களவைத் தொகுதி, 39 தனித்தனிப் போட்டி. யார் வேணா எங்க வேணா ஜெயிக்கலாம். ஆனா நடந்தது என்ன?

1984ல அதிமுக – காங்கிரஸ் அணிக்கு 37. 1989ல அதே அணிக்கு 38. 1991ல 39க்கு 39. 1996ல அப்படியே தலைகீழ்: திமுக – தமாகா அணிக்கு 39. 2004ல திமுக – காங்கிரஸ் அணிக்கு 39. 2014ல அதிமுக தனியாவே 37. 2019ல திமுக அணிக்கு 38. 2024ல மறுபடி 39.

இதைப் பார்த்தா தமிழ்நாட்டுல எல்லாரும் ஒரே மாதிரி யோசிக்கிறாங்கன்னு தோணும். ஓட்டு சதவீதத்தைப் பக்கத்துல வச்சுப் பாருங்க. 2014ல திமுக வாங்கினது 23.6 சதவீதம். கிடைச்ச சீட்டு பூஜ்யம். 2004ல அதிமுக – பாஜக அணிக்குக் கிட்டத்தட்ட 35 சதவீதம். சீட்டு பூஜ்யம். 2024ல திமுக அணிக்கு ஏறக்குறைய 47, அதிமுக அணிக்கு 23, பாஜக அணிக்கு 18. பின்னாடி சொன்ன ரெண்டு அணியையும் கூட்டினா 41 சதவீதம். ரெண்டுக்கும் சேர்த்து சீட்டு பூஜ்யம்.

காரணம் ரெண்டு. ஒண்ணு, பெரிய கட்சிகளுக்கு மாநிலம் முழுக்க ஓரளவு சமமா ஓட்டு இருக்கு. மொத்தத்துல 10 சதவீதம் முன்னாடி இருந்தா பெரும்பாலான தொகுதியிலும் முன்னாடிதான். ரெண்டாவது, கூட்டணி. குறிப்பிட்ட பகுதியில மட்டும் பலமா இருக்கற சின்னக் கட்சிகளைச் சேர்த்துக்கிட்டா மிச்ச ஓட்டையும் அடைஞ்சிடும். எதிர்ப்பக்கம் ரெண்டா மூணா பிரிஞ்சுட்டா கதை முடிஞ்சது. ரெண்டு அணியும் நெருங்கி நின்ன வருஷம் சீட்டும் பிரிஞ்சிருக்கு: 1999ல 26க்கு 13, 2009ல 27க்கு 12.

அமெரிக்காவுல சட்டம் செய்யற வேலையை இங்க கூட்டணிக் கணக்கு செய்யுது. தோத்தவங்களுக்கு ஓட்டுப் போட்ட கோடிக்கணக்கான பேர் டெல்லி வரைக்கும் போய்ச் சேர மாட்டாங்க. கலிஃபோர்னியாவுல இருக்கற குடியரசுக் கட்சிக்காரர் நிலைமையும் அதுதான்.

தாத்தாவோட ரெண்டு ஓட்டு

என் தாத்தா ஒரு ஜவ்வரிசி மில்லுல கணக்கு எழுதிட்டு இருந்தவர். 1980 பத்திக் கேட்டேன். "ஜனவரில கைக்குப் போட்டேன், மே மாசம் இலைக்குப் போட்டேன்"ன்னார். "ஏன் தாத்தா, நாலு மாசத்துல மாறிட்டீங்க?"ன்னு கேட்டதுக்கு முறைச்சார். "நான் எங்கடா மாறுனேன்? அது வேற எலெக்சன், இது வேற எலெக்சன்."

அவர் மட்டும் இல்லை, மாநிலமே அப்படித்தான் பண்ணியிருக்கு. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தல்ல இந்திரா காங்கிரஸ் – திமுக அணிக்கு 37, எம்ஜிஆரோட அதிமுகவுக்கு வெறும் 2. "மக்கள் ஆதரவு போயிடுச்சு"ங்கற வாதத்தோட பிப்ரவரியில எம்ஜிஆர் ஆட்சியைக் கலைச்சாங்க. மே மாசம் சட்டமன்றத் தேர்தல். அதிமுக 129 இடம் ஜெயிச்சு எம்ஜிஆர் திரும்ப முதல்வர். ஜனவரி முடிவை வச்சு மே மாசத்தைக் கணிச்சவங்க கணக்கு தப்பாப் போச்சு.

1989லயும் இதேதான், பக்கம் மட்டும் மாத்தி. ஜனவரியில சட்டமன்றத்துல திமுக ஜெயிச்சு கலைஞர் முதல்வர் ஆனார். நவம்பர்ல மக்களவையில திமுகவுக்கு ஒரு சீட்டு கூட இல்லை. டெல்லியில வி.பி.சிங் பிரதமர், திமுக அவரோட கூட்டணிக் கட்சி. ஆனா மக்களவையில அனுப்ப ஆள் இல்லாததால மாநிலங்களவையில இருந்த முரசொலி மாறன் அமைச்சர் ஆனார்.

நாடு ஒரு பக்கம் போகும்போது நாம வேற பக்கம் போனதும் உண்டு. எமர்ஜென்சி முடிஞ்சு 1977ல நடந்த தேர்தல்ல உத்தரப்பிரதேசத்தோட 85 தொகுதியில காங்கிரசுக்கு ஒண்ணு கூட இல்லை. தமிழ்நாட்டுல அதிமுக – காங்கிரஸ் அணிக்கு 34.

எங்க எம்பியும் அந்த 18ல ஒருத்தர்

1996ல இருந்து கதை சூடு பிடிக்குது. டெல்லியில யாருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லாத காலம். வாஜ்பாயோட 13 நாள் ஆட்சி போனதும் ஐக்கிய முன்னணி வந்துச்சு. அதுல திமுக, தமாகா ரெண்டும் முக்கியமான தூண். ப.சிதம்பரம் நிதியமைச்சர், மாறன் தொழில்துறை அமைச்சர்.

1998ல அதிமுக அணிக்கு 30 சீட்டு. அதுல அதிமுகவுக்கு மட்டும் 18. பாஜககிட்ட நாடு முழுக்க 182. 272க்கு இன்னும் 90 வேணும். ஜெயலலிதாவோட ஆதரவுக் கடிதம் வர்ற வரைக்கும் டெல்லி காத்துக்கிட்டு நின்னது அந்த மார்ச்லதான்.

இங்க எங்க ஊரைப் பத்தி ஒரு விஷயம். அப்போ ஆத்தூர் இருந்தது ராசிபுரம் மக்களவைத் தொகுதியில. 1996ல தமாகா ஜெயிச்சுது. 1998ல அதிமுகவோட வி.சரோஜா. அந்த 18 எம்பில எங்க எம்பியும் ஒருத்தர்.

13 மாசம் கழிச்சு, 1999 ஏப்ரல்ல அதிமுக ஆதரவை வாபஸ் வாங்குச்சு. ஏப்ரல் 17, நம்பிக்கை வாக்கெடுப்பு. அரசுக்கு ஆதரவா 269, எதிரா 270. ஒரே ஒரு ஓட்டு. அரசைக் காப்பாத்த ஓட்டுப் போட்டவங்கள்ல திமுகவும் உண்டு. ஒரு வருஷம் முன்னாடி எதிரெதிரா நின்னவங்க டெல்லியில அப்படியே இடம் மாறிட்டாங்க.

அந்த ஒரு ஓட்டு யாரோடதுன்னு இன்னைக்கும் விவாதம் பண்ணுவாங்க. ஒடிசா முதல்வர் ஆகியும் எம்பி பதவியை விடாம வந்து ஓட்டுப் போட்ட கிரிதர் கமாங் பேர்தான் அதிகம் அடிபடும். ஆனா அவரோட ஓட்டுக்கு மதிப்பு வந்ததே 18 பேர் பக்கம் மாறி, தராசு முள் நடுவுக்கு வந்த பிறகுதான். ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல்ல பட்டன் இல்லாத அந்தக் காலத்துல சீட்டுல முத்திரை குத்தினவங்களுக்கு, அது ஒரு பிரதமரோட நாற்காலி வரைக்கும் போகும்னு தெரிஞ்சிருக்குமா?

அந்த வருஷமே மறுதேர்தல். திமுக பாஜக அணியில. 26 சீட்டு அந்தப் பக்கம். ராசிபுரம் மட்டும் மறுபடி அதிமுகவுக்கே. 2004ல திமுக காங்கிரஸ் பக்கம் வந்து 39ம் அங்க போச்சு, ராசிபுரத்துல கே.ராணி. புதுச்சேரியையும் சேர்த்து 40. நாடு முழுக்க காங்கிரஸ் 145, பாஜக 138. ரெண்டு பெரிய கட்சிக்கும் நடுவுல 7 சீட்டுதான் வித்தியாசம்ங்கற வருஷம் 40 சீட்டு ஒரே பக்கம் போனா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

1996, 98, 99, 2004, 2009. அஞ்சு தேர்தல்லயும் தமிழ்நாட்டோட பெரும்பான்மை சீட்டு யார் பக்கமோ அவங்கதான் டெல்லியில ஆட்சி அமைச்சாங்க. நம்மளோட ஒஹாயோ காலம் அது.

37 இருந்தும் தேவைப்படாத வருஷம்

2014. தொகுதி மறுவரையறையில ராசிபுரம் போய், ஆத்தூர் கள்ளக்குறிச்சித் தொகுதிக்கு வந்திருந்தது. கலெக்டர் ஆபீஸ் சேலத்துல, எம்பி தொகுதி கள்ளக்குறிச்சி. அதிமுக 37 ஜெயிச்சது. எங்க தொகுதியும் அதுல ஒண்ணு. மக்களவையில பாஜக, காங்கிரசுக்கு அடுத்த மூணாவது பெரிய கட்சி. 1998ல கையில இருந்த 18க்கு ரெண்டு மடங்குக்கும் மேல.

ஆனா பாஜககிட்ட தனியா 282. யாரோட கடிதத்துக்கும் யாரும் காத்திருக்கல. தம்பிதுரைக்கு மக்களவைத் துணைத் தலைவர் பதவி கிடைச்சது, அவ்வளவுதான். 18ஐ வச்சு ஒரு ஆட்சியைக் கவிழ்க்க முடிஞ்சது. 37ஐ வச்சு ஒரு கேபினட் இடம் கூடக் கேட்க முடியல.

2024ல பாஜக 240க்கு இறங்குச்சு. கூட்டணி இல்லாம ஆட்சி இல்லைங்கற நிலைமை திரும்ப வந்துச்சு. 1998 மாதிரி கதவு திறந்தது. ஆனா நம்ம 39ம் எதிரணியில. அந்தக் கதவு வழியா உள்ள போனது 16 எம்பி வச்சிருந்த தெலுங்கு தேசமும் 12 எம்பி வச்சிருந்த ஐக்கிய ஜனதா தளமும். நீலகிரியில தோத்த எல்.முருகன், மத்தியப் பிரதேசத்துல இருந்து கிடைச்ச மாநிலங்களவை இடத்தால மறுபடி இணையமைச்சர் ஆனார். 1989ல மாறன் போன அதே மாநிலங்களவை வழி.

இதைக் கேட்டதும் ரெண்டு விதமா கமெண்ட் வரும்னு தெரியும். "அப்ப ஜெயிக்கிறவங்களுக்கே போட்டிருக்கணும்"னு சிலர். "கொள்கைக்காகப் போட்டோம், மந்திரி பதவிக்காக இல்லை"ன்னு சிலர். நான் முதல் கட்சியும் இல்லை. எதிர்க்கட்சி எம்பி சும்மா உக்காந்திருக்கார்னு அர்த்தமும் இல்லை. கேள்வி கேட்கறதும் வேலைதான். நான் சொல்ல வர்றது ஒண்ணுதான்: நம்ம 39 எந்தப் பக்கம் சாயுதுங்கறதை நாம முடிவு பண்றோம். அதுக்கு டெல்லியில என்ன விலைங்கறதை மத்த மாநிலங்கள் முடிவு பண்ணுது. இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டா, 2014 மாதிரி பெரிய வெற்றிக்கு அப்புறம் ஒண்ணும் நடக்கலையேன்னு முழிப்போம்.

41 எப்படி 39 ஆச்சு

கடைசியா இந்த 39ங்கற எண்ணைப் பத்தி. 1962 தேர்தல்ல அப்போதைய சென்னை மாநிலத்துக்கு 41 மக்களவை இடம். 1967ல 39. மக்கள்தொகைப் பங்கு குறைஞ்சதால ரெண்டு போச்சு.

அமெரிக்காவுல இது பத்து வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும். 2020 கணக்கெடுப்புல நியூயார்க் ஒரு இடத்தை இழந்தது. இன்னும் 89 பேர் கணக்குல வந்திருந்தா அந்த இடம் தப்பிச்சிருக்கும். மாநிலத்துக்கே 89 பேர்! எங்க தெருவுல ஒரு பக்கத்துலயே அவ்வளவு பேர் இருப்பாங்க.

இந்தியாவுல 1976ல 42வது திருத்தம் மூலமா, 1971 கணக்கெடுப்போட சீட்டு எண்ணிக்கையை நிறுத்தி வச்சாங்க. குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாப் பண்ற மாநிலம் அதனாலேயே சீட்டை இழக்கக் கூடாதுங்கறது காரணம். 2001ல 84வது திருத்தம் அதை 2026க்குப் பிறகு வர்ற முதல் கணக்கெடுப்பு வரைக்கும் நீட்டிச்சது.

2021 ஆகஸ்ட்ல சென்னை உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளை இதைப் பத்திப் பேசுச்சு. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தினதுக்காக ரெண்டு எம்பிகளை இழக்கலாமான்னு கேட்ட நீதிபதிகள், ஒரு ஓட்டுல ஒரு அரசு கவிழ்ந்ததை ஞாபகப்படுத்தினாங்க. ஆமா, அதே 1999 ஏப்ரல் 17. இன்னொரு பக்கத்து வாதமும் நியாயமானது. உத்தரப்பிரதேசத்துலயோ பீகார்லயோ ஒரு எம்பி நம்ம எம்பியை விட அதிக மக்களுக்குப் பதில் சொல்லணும்னா, அங்க இருக்கறவரோட ஒரு ஓட்டுக்கு எடை கம்மின்னு அர்த்தம். என் பார்வையில, ஒரு மாநிலம் நல்லா நடந்துக்கிட்டதுக்கு அபராதம் கட்டக் கூடாது. ஆனா பீகார்ல இருந்து வந்து எங்க ஊர்ப் பக்கம் வேலை செய்யற பையன்கிட்ட அவன் ஓட்டுக்கு ஏன் எடை கம்மின்னு விளக்க வேண்டிய பொறுப்பும் நமக்கு இருக்கு.

கொலம்பஸுக்கு என் பதில்

ரெண்டு வாரம் கழிச்சு நான் அனுப்பின மெசேஜ் இது: "நாங்க ரெண்டு பேர் மாதிரியும் இல்லை. உங்களை மாதிரி மொத்தமா ஒரே பக்கம் சாயுவோம். ஆனா பத்து வருஷத்துக்குள்ள அப்படியே எதிர்ப்பக்கமும் சாய்ஞ்சிருக்கோம். இப்ப ரெண்டு தடவையா ஒரே அணிக்குப் போட்டிருக்கோம். மூணு தடவையா டெல்லியில ஜெயிச்சவங்களோட இல்லை. கொலம்பஸ் ஆகிட்டோமான்னு இன்னும் தெரியல." அவங்க பதில்: "எங்களுக்கும் அப்போ தெரியல. 2016 வரைக்கும் நாங்க நாட்டோட தராசுன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தோம்."

தாத்தாகிட்ட இதைச் சொன்னேன். கேட்டுட்டு ஒண்ணு கேட்டார்: "அப்ப அடுத்த எலெக்சன்ல அவங்க ஊட்டுக்கு யாரும் ஓட்டுக் கேட்டு வர மாட்டாங்களா?" அதிபர் தேர்தலுக்கு வர மாட்டாங்கன்னேன். "பாவம்டா"ன்னார்.

உங்க வீட்டுலயும் பெரியவங்க இருந்தா 1980, 1989, 1999ல எதுக்குப் போட்டாங்கன்னு கேட்காதீங்க, ஏன் போட்டாங்கன்னு கேளுங்க. சொன்னதை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, பேர் சொல்ல வேண்டாம், ஊர் மட்டும் போதும். அடுத்த எபிசோடுல சேர்த்துக் கேட்போம்.